பெண் பார்க்க வந்தபோது நான் காருக்கு அடியில் இருந்தேன்

போன வாரம் எங்கள் சித்தூர் வீட்டுக் கிணற்றில் விழுந்த சைக்கிளைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "இப்படிப்பட்ட உங்களை யாரம்மா கல்யாணம் செய்துகொண்டார்?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். கேள்வியில் கொஞ்சம் ஆச்சரியம் இருக்கிறது. நியாயமான ஆச்சரியம்தான். பதில் சொல்கிறேன்.

முதலில் எனக்குத் தெரிந்தது இரண்டு ஜோடிக் கால்கள். ஒரு ஜோடியில் புதிதாய்ப் பாலிஷ் போட்ட பழுப்பு ஷூ. இன்னொரு ஜோடியில் வார் அறுந்து தைத்த கறுப்புத் தோல் செருப்பு. அதற்கு மேல் ஒரு கஞ்சி போட்ட புடவையின் கரை.

நான் சாக்கை விரித்து மல்லாந்து படுத்திருந்தேன். மூக்குக்கு ஒரு சாண் மேலே கார். நெற்றியில் மண்ணெண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. துடைக்கலாம் என்றால் கை இரண்டும் ஸ்பேனரில்.

"வாங்க, வாங்க" என்று அம்மா யாரையோ வரவேற்றாள். அந்தக் குரலில் வரவேற்பைவிட பயம்தான் அதிகம்.

"நாங்க திருப்பதிலேர்ந்து வர்றோம். நான் ரத்தினம்மா. இவன் என் பையன் பிரபாகர். இன்னிக்கி வர்றோம்னு கார்டு போட்டிருந்தமே?"

"கார்டா?" என்றாள் அம்மா.

அந்தக் கார்டு அடுத்த திங்கட்கிழமைதான் வந்து சேர்ந்தது. அன்று சனிக்கிழமை.

"பரவால்ல. பொண்ணு எங்க?"

அம்மா எச்சில் விழுங்கியது கார் அடிவரை கேட்டது. "உள்ள கீதுங்க."

பொய்யில்லை என்றுதான் எனக்கும் தோன்றியது. அதே நேரத்தில் ஸ்பேனர் வழுக்கி, விரல் முட்டி இரும்பில் மோதி, நான் ஒரு தெலுங்கு வார்த்தையைக் கத்தினேன். மஸ்தான் என்ற மெக்கானிக்கிடம் கற்றுக்கொண்ட வார்த்தை. குடும்பங்கள் வாங்கும் வாரப் பத்திரிகையில் அதை அச்சிட முடியாது.

கறுப்புச் செருப்புகள் இரண்டும் மெதுவாக என் பக்கம் திரும்பின.

அவித்த முட்டை

அந்தக் காரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

எங்கள் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். மிஷன் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். பாலசமுத்திரத்தில் பிறந்தவர். மாட்டு வண்டியைத் தவிர வேறெதையும் ஓட்டியதில்லை. அவருக்கு ஐம்பது வயது நெருங்கும்போது ஒரு கார் வந்து வாய்த்தது.

கடற்கரையோர ஆஸ்பத்திரி ஒன்றில் பல வருஷம் இருந்துவிட்டு சித்தூருக்கு வந்த ஒரு வெள்ளைக்கார நர்ஸம்மா, ஊருக்குத் திரும்பிப் போகும்போது தன் காரை நைனாவிடம் விட்டுப்போனார். ஞாயிறு பள்ளிக்காக நைனா அவருக்கு நிறையப் படம் வரைந்து கொடுத்திருந்தார். ஒரு நோவா பேழைப் படத்துக்கு ஒரு கார் என்பது யாருக்குமே நல்ல பேரம்தான்.

சின்னஞ்சிறு வெளிநாட்டுக் கார். சக்கரம் ஒவ்வொன்றும் தோசைக்கல் அளவு. வெள்ளை நிறம். பார்க்க அவித்த முட்டை மாதிரி இருக்கும். ஊரில் அதற்கு "டிராயிங் சார் டப்பா" என்று பெயர். நைனா உட்கார்ந்தால் தொப்பை ஸ்டியரிங்கைத் தொடும். வளைவுகளில் அவர் வயிற்றாலும் கொஞ்சம் ஓட்டினார் என்பதுதான் உண்மை.

மேலே முட்டை. கீழே கதை வேறு. கடல் உப்பு பல வருஷமாக அடிப்பக்கத்தைத் தின்றுவிட்டிருந்தது. அது எங்களுக்குத் தெரியாது.

எழுபதுகளின் நடுவில் ஏதோ ஒரு ஏப்ரல். மாங்காய் சந்தைக்கு வர ஆரம்பித்திருந்தது. எனக்கு வயது இருபத்துநாலு. தாலுக்கா ஆபீசில் டைப்பிஸ்ட். ஏற்கெனவே இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டு, "பொண்ணு ரொம்ப உயரம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். இரண்டாவது மாப்பிள்ளை போன பிறகு அம்மா என்னைக் கொஞ்ச நாள் குனிந்து நடக்கச் சொன்னாள்.

மூன்றாவதாகத் திருப்பதியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையனுக்கு ரயில்வேயில் வேலை. தாயார் பெண்கள் பள்ளியில் ஹெட்மிஸ்ட்ரஸ். தகப்பனார் இல்லை. நைனா உற்சாகம் தாங்காமல் பதில் எழுதினார். "மாத முடிவில் வாருங்கள். உங்களை அழைத்துவர எங்கள் சொந்தக் கார் பஸ் ஸ்டாண்டுக்கு வரும்."

அந்தக் கடிதம் தபாலில் சேர்ந்த மறுநாள், காரின் இடது பின்சக்கரம் சாய்ந்தது.

கேக்கில் கத்தி

மஸ்தான் வந்து பார்த்தார். லாரிகளுக்கு வேலை செய்கிறவர். தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பார், கோபம் வந்தால் உருதுக்குப் போவார். அவர் கார் அடியில் தலையை விட்டு, ஸ்க்ரூ டிரைவரால் ஒரு இரும்பைக் குத்தினார். கேக்கில் கத்தி இறங்குவதுபோல அது இறங்கியது.

"சார், இதி நா வல்ல காது" என்றார். என்னால் ஆகாது என்று அர்த்தம்.

பிறகு விளக்கினார். பின்சக்கரம் இரண்டையும் ஒரு இரும்புச் சட்டம் தாங்குகிறது. அந்தச் சட்டம் நாலு இடத்தில் காரின் உடம்போடு போல்ட் போட்டுச் சேர்ந்திருக்கிறது. இப்போது சட்டம் துருவேறிப் பொத்தல் விழுந்திருக்கிறது. தகடு வைத்து வெல்டிங் செய்தால் நிற்கும். வேலூர் ரோட்டில் லாரி பாடி கட்டும் கொட்டகையில் செய்வார்கள்.

நைனா கொட்டகைக்கு ஓடினார். வெல்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"பெட்ரோல் டேங்க் எங்க கீது?"

"பின்னாடி. சட்டத்துக்குப் பக்கத்துல."

"அப்ப வண்டியோட வராதீங்க சார். எனக்கு மூணு புள்ளைங்க. சட்டத்த மட்டும் தனியா கழட்டிகினு வாங்க."

நைனா வீட்டுக்கு வந்து, மேல்சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "நாமளே கழட்டிடலாம்" என்றார். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

நிற்காத ஆர்மோனியம்

அம்மாவின் பயத்துக்குக் காரணம் உண்டு. அதற்கு இரண்டு வருஷம் முன்பு நைனா எங்கள் சர்ச் ஆர்மோனியத்தைப் பழுது பார்த்தார். ஒரு கட்டை ஒலிக்கவில்லை என்று யாரோ சொல்லப்போக, வீட்டுக்குத் தூக்கிவந்து, பிரித்து, துடைத்து, திரும்பச் சேர்த்துக் கொண்டுபோய் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அந்தக் கட்டை ஒலித்தது. முதல் பாட்டு முடிந்தும் ஒலித்தது. ஜெபத்தின்போது ஒலித்தது. காற்று உள்ளே இருக்கும்வரை நிற்காது என்று தெரிந்து வாசிக்கிறவர் கையை எடுத்துவிட்டார். அப்படியும் அது தன்பாட்டுக்கு மெல்லிசாக இழுத்துக்கொண்டே இருந்தது. ஐயர், அதாவது எங்கள் பாதிரியார், அந்தச் சுருதிக்கு மேலேயே பிரசங்கம் செய்தார். எங்கள் ஐயர் ராகமாகப் பிரசங்கம் செய்தது அந்த ஒரு நாள்தான். சபையில் பலருக்கு அது பிடித்திருந்தது.

பாடகர் குழுவின் தலைவர் ஆசீர்வாதம் மாமாவுக்குப் பிடிக்கவில்லை. அவர் நைனாவோடு ஆறு மாதம் பேசவில்லை.

இப்போது அதே ஆசீர்வாதம் மாமாவிடம்தான் நைனா போய் நின்றார். காரின் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடிக்க ஆறு ஆள் வேண்டும். சித்தூரில் ஒரே நேரத்தில், ஒரே சைகைக்குக் கட்டுப்படுகிற ஆறு ஆண்கள் பாடகர் குழுவில்தான் இருந்தார்கள்.

பத்தொன்பது படிகள்

நர்ஸம்மா காரோடு ஒரு ஆங்கிலக் கையேட்டையும் விட்டுப்போயிருந்தார். பழுப்பு அட்டை, எண்ணெய்க் கறை, நடுவில் ஏதோ பிசுபிசுப்பு. நைனா கண்ணாடி போட்டுக்கொண்டு மல்லாந்து படுத்தால் கண்ணாடி நெற்றிக்கு ஓடிவிடும். அதனால் படிக்கும் வேலை எனக்கு. பின்சட்டத்தைக் கழற்றும் பகுதியை நான் தமிழில் எழுதி, படி ஒன்று, படி இரண்டு என்று நம்பர் போட்டேன். மொத்தம் பத்தொன்பது. டைப்படித்து ஆபீஸ் உத்தரவு மாதிரி சுவரில் ஒட்டினேன். நைனாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

முதல் நாள் சாயங்காலமே தெரிந்துவிட்டது, நைனாவின் வயிறு காரின் அடியில் நுழையாது. சக்கரத்துக்கு அடியில் செங்கல் அடுக்கி உயர்த்தினோம். அப்படியும் மார்பு வரைதான் போனார், பிறகு போகவும் முடியவில்லை, வரவும் முடியவில்லை. நானும் அம்மாவும் காலைப் பிடித்து இழுத்தோம்.

"நீ பூந்து பாரு எஸ்தரு" என்றார், மூச்சு வாங்க.

புகுந்தேன். பிடித்துப்போயிற்று. இதைச் சொல்ல இத்தனை வருஷம் கழித்தும் கொஞ்சம் கூச்சம். பகலெல்லாம் "மேற்படி மனுதாரர்" என்று டைப்படித்துவிட்டு வந்து, துருப்பிடித்த ஒரு போல்ட்டோடு மல்லுக்கட்டி, அது "க்ரீச்" என்று முதல் தடவை அசையும்போது உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம் ஓடும்.

நாலு சாயங்காலம் வேலை நடந்தது. புகைக்குழாய் கழன்று வந்தது. பிரேக் குழாய் வந்தது. பெட்ரோல் பம்பு வந்தது. சட்டத்தின் நாலு மூலைப் போல்ட்டுகளையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்தோம். கழற்றிய போல்ட்டு கலந்துவிடாமலிருக்க இட்லித் தட்டில், குழிக்கு ஒரு மூலையாகப் பிரித்து வைத்தோம். முன்சக்கரம் நகராமல் அம்மிக்கல்லையும் குழவியையும் முட்டுக் கொடுத்தோம். இட்லித் தட்டும் இல்லை, அம்மியும் இல்லை. அம்மா நாலு நாளும் உப்புமாதான் கிண்டினாள், கிண்டுகிற சத்தத்திலேயே கோபம் தெரியும்.

சனிக்கிழமை காலை கடைசிப் போல்ட். பாடகர் குழு வந்து உப்புமா தின்றுகொண்டிருந்தது. அப்போதுதான் அந்த இரண்டு ஜோடிக் கால்கள் வந்தன.

தோத்திரம்ங்க

ரத்தினம்மா குனிந்து பார்த்தார். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவர் கண்கள் என்னைத் தேடிக் கண்டுபிடித்தன.

"உள்ளன்னா, இதுக்குள்ளயா?"

இரண்டு நொடிக்கு முன்னால் நான் கத்திய வார்த்தை இன்னும் காற்றில் இருந்தது. "தோத்திரம்ங்க" என்று எங்கள் சபை வழக்கப்படி வணக்கம் சொன்னேன்.

"தோத்திரம்" என்றார் அவரும், பழக்கத்தில்.

நைனா கையில் கயிற்றோடு உறைந்துபோய் நின்றார். "காருக்கு ஒரு சின்ன சர்வீஸ்ங்க" என்றார்.

காரின் பாதி உறுப்புகள் முற்றத்தில் பரப்பியிருந்தன. ரத்தினம்மா இட்லித் தட்டைப் பார்த்தார், அம்மிக்கல்லைப் பார்த்தார், சுவரிலிருந்த பத்தொன்பது படிகளைப் படித்தார். ஒரு எழுத்துப் பிழையை விரலால் தொட்டுக் காட்டினார். பிறகு அம்மாவிடம், "நிறுத்த வேணாம், நடக்கட்டும். நான் உக்காந்துகினு பாக்கறேன்" என்றார்.

நிறுத்தவும் முடியாது. நான் கடைசிப் போல்ட்டையும் எடுத்துவிட்டு வெளியே வந்திருந்தேன். பாடகர் குழுவுக்குப் பதினோரு மணிக்கு ஒரு கல்யாணத்தில் பாட்டு இருந்தது. நைனா வாசல் கேட்டுப் பக்கம் நிழலில் ஒரு மர நாற்காலியைப் போட்டார். ரத்தினம்மா கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்தார். பிரபாகர் பக்கத்தில் நின்றார். குச்சி மாதிரி ஒல்லி. என்னைவிட உயரம். முதலில் அதைத்தான் கவனித்தேன்.

திட்டம் எளிது. ஆறு பேர் காரின் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடிப்பார்கள். நானும் நைனாவும் சட்டத்தைச் சக்கரத்தோடு கயிறு கட்டிப் பின்னால் இழுப்போம். செங்கல்லிலிருந்து இறங்கப் பலகை போட்டிருந்தது. சட்டம் வெளியே வந்ததும் இரண்டு பழைய பள்ளிக்கூட பெஞ்சுகளை அடியில் தள்ளுவோம். கார் பெஞ்சில் உட்காரும்.

"ஆமென்னு சொன்னா தூக்கணும்" என்றார் ஆசீர்வாதம் மாமா தன் ஆட்களிடம். "இழுத்து ஆமென். பொன்னையா, நீ எப்பவும் அரை மாத்திரை லேட்டு. இன்னிக்கி லேட் ஆனா கால் போயிடும்."

அவர் கை அசைந்தது. நாலு குரலில் நீண்ட ஆமென் எழுந்தது. காரின் பின்பக்கமும் அதோடு எழுந்தது.

எந்தப் பக்கம்?

இழுத்தோம். சட்டம் அசைந்தது. சக்கரம் உருண்டு பலகையின் விளிம்புக்கு வந்தது. ஒரு முழம், ஒன்றரை முழம். நின்றது.

மறுபடி இழுத்தோம். இப்போது காரே பின்னால் வந்தது. அதைப் பிடித்திருந்த ஆறு பேரும் கூடவே இரண்டு அடி வந்தார்கள்.

"சார், வண்டி எங்களோட வருது சார்!" என்று கத்தினார் பொன்னையா.

நைனா என்னைப் பார்த்தார். நான் சுவருக்கு ஓடினேன். பத்தொன்பது படியும் சரியாக இருந்தது. கையேட்டை எடுத்துப் பக்கத்தைப் பார்த்தேன். நாற்பத்துமூன்று. அடுத்து நாற்பத்தாறு.

பக்கத்தைச் சூரியனுக்கு நேராகப் பிடித்தேன். இரண்டு தாள் ஒட்டியிருந்தது. நகத்தால் பிரித்தேன். உள்ளே ஆரஞ்சுத் தோலின் சின்னத் துணுக்கு ஒன்று. நர்ஸம்மா ரொட்டிக்கு ஆரஞ்சு ஜாம் தடவிக்கொண்டே படித்திருக்கிறார்.

நாற்பத்துமூன்றாம் பக்கம் "பிறகு மிகவும் கவனமாக" என்று முடிந்தது. நாற்பத்தாறாம் பக்கம் "சட்டத்தைப் பின்புறம் உருட்டவும்" என்று தொடங்கியது. எவ்வளவு அழகாகச் சேர்ந்திருக்கிறது பாருங்கள். இடையில் இருந்த விஷயம் இதுதான். கை பிரேக்கின் இரண்டு கம்பி வடங்களும் காருக்குள்ளே, பிரேக் பிடியின் அடியில் இருக்கின்றன. அவற்றை முதலில் கழற்ற வேண்டும்.

கையேட்டோடு நைனாவிடம் ஓடினேன். "நைனா, தப்பு என்னுது. ஒரு பக்கத்த உட்டுட்டேன்."

"எந்தப் பக்கம்?"

"எந்தப் பக்கமா இருந்தா இன்னா சார்!" என்றார் பொன்னையா. "கை போவுது!"

"எறக்கிடலாமா?" என்றாள் அம்மா.

இறக்க முடியாது. சட்டம் பாதி வெளியே, பாதி உள்ளே. இறக்கினால் பெட்ரோல் டேங்க் நேராகச் சட்டத்தின் நீட்டிக்கொண்டிருந்த முனைமேல் உட்காரும். யாராவது உள்ளே போய் இரண்டு நட்டைக் கழற்ற வேண்டும். கதவைத் திறக்க வழியில்லை, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்றார்கள். ஜன்னல் வழியாகத்தான் போக வேண்டும். நைனாவை அந்த ஜன்னலில் நினைத்துப் பார்க்கவே முடியாது. நான் புடவையில்.

"நான் போறேன்" என்றார் பிரபாகர்.

ஷூவைக் கழற்றினார். இரண்டையும் ஒழுங்காகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"பிரபாகரு, புதுச் சட்டை!" என்றார் ரத்தினம்மா.

அதற்குள் தலை உள்ளே போயிருந்தது. கால் இரண்டும் வெளியே காற்றில் நீந்தின. பிறகு அவையும் போயின. கார் ஒரு விரற்கடை இறங்கியது. பாடகர் குழு நாலு குரலிலும் முனகியது.

நான் மறுபக்க ஜன்னலில் தலையை விட்டு ஸ்பேனரை நீட்டினேன்.

"ரெண்டு நட்டு தெரியுதுங்களா?"

"தெரியுது."

"லெப்ட்ல திருப்புங்க."

"என் லெப்ட்டா, உங்க லெப்ட்டா?"

அவர் தலை கீழாக இருந்தார். கேள்வி நியாயம்.

"கடிகாரம் ஓடற பக்கம் இல்லாம, எதிர்ப்பக்கம்."

"எங்க ஊட்டு கடிகாரம் ஓடறதில்லீங்க."

"பேசிகினே இருங்க" என்றது வெளியிலிருந்து ஒரு குரல். "எங்களுக்கு இங்கயே கல்லறை கட்டிடலாம்."

நான் விரலால் சுற்றிக் காட்டினேன். அவர் திருப்ப ஆரம்பித்தார். மூக்கின் நுனியில் வேர்வை தொங்கியது. நட்டைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார்.

"ஒண்ணு கேக்கலாங்களா? அப்புறம் தனியா பேச உடுவாங்களோ இன்னாவோ."

"கேளுங்க. கை நிக்கக் கூடாது."

"உங்களுக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டமா? யாராவது கட்டாயப்படுத்தறாங்களா?"

முன்பு வந்தவர்கள் பாடத் தெரியுமா, சமைக்கத் தெரியுமா, செருப்போடு எவ்வளவு உயரம், செருப்பில்லாமல் எவ்வளவு உயரம் என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். இதை யாரும் கேட்டதில்லை. நைனாகூட.

"தெரியலைங்க" என்றேன். "மொதல்ல நட்டக் கழட்டுங்க."

"கழண்டுடுச்சி" என்றார். உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

இரண்டாவது நட்டு அசையவில்லை. அவர் பல்லைக் கடித்துத் திருகினார். முகம் மிளகாய்ப்பழமாகச் சிவந்தது. பிறகு கையை எடுத்துவிட்டு, "எனக்கு இன்னா பண்றதுன்னு தெரியலைங்க. நீங்க வாங்க" என்றார். வெட்கப்படாமல் சொன்னார்.

நான் இடுப்புவரை ஜன்னலில் நுழைந்தேன். ஸ்பேனரை அவரும் பிடித்தார், நானும் பிடித்தேன். அவர் தோள் என் காதில் இடித்தது. "ஒண்ணு, ரெண்டு..." மூன்று சொல்லும் முன்பே அது விட்டுக்கொடுத்தது.

ஓடுகிற பிள்ளை

வெளியே நைனா முழு பலத்தோடு கயிற்றை இழுத்துப் பிடித்தபடி இருந்தார். நட்டு கழன்றுவிட்டது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

வடம் விடுபட்டதும் நைனா தடுமாறிப் பக்கவாட்டில் போய், உப்புமாச் சட்டிக்கு அருகில் உட்கார்ந்தார். சட்டம் பலகையில் இறங்கியது. எங்கள் முற்றம் வாசலை நோக்கிச் சரிவு. இரண்டு சக்கரமும் ஒரு சட்டமும் சேர்ந்து, அத்தனை வருஷம் சுமந்த காரை விட்டுவிட்டு, தனியாக ஓடின. கேட்டு திறந்திருந்தது. அந்தப் பக்கம் தெரு. தெருவில் ஒரு தள்ளுவண்டி நிறைய மாங்காய்.

ரத்தினம்மா எழுந்தார். கூச்சலிடவில்லை. ஒரு அடி விலகி, உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கி, வருகிற சக்கரத்துக்கு முன்னால் போட்டார்.

நாற்காலியின் ஒரு கால் முறிந்தது. சட்டம் நின்றது.

"முப்பது வருஷமா ஓடற புள்ளைங்கள புடிச்சிகினு கீறேன்" என்றார், கைப்பையைத் தட்டிக்கொண்டே.

எல்லாரும் வாய் பிளந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது பின்னாலிருந்து ஒரு ஓலம் கேட்டது.

"பெஞ்சு! பெஞ்சு!"

பாடகர் குழு இன்னும் காரைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. நானும் அம்மாவும் பாய்ந்து பெஞ்சைத் தள்ளினோம். கார் இறங்கியது. ஆறு பேரும் இருந்த இடத்திலேயே மண்ணில் படுத்தார்கள். ஜன்னலில் பிரபாகரின் தலை எழும்பியது. நெற்றியிலிருந்து சட்டைப்பை வரை ஒரே கறுப்புக் கோடு.

ரத்தினம்மா நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்திருந்த தன் குடையின் நுனியால் சட்டத்தைக் குத்தினார். குடை உள்ளே போனது. வெளியே இழுத்துப் பார்த்தார். நுனியில் துரு.

"இதுல உக்காத்தி வச்சா எங்கள பஸ் ஸ்டாண்ட்லேர்ந்து கூட்டியாற இருந்தீங்க?"

நைனா எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். நைனா எதற்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பவர். ஆர்மோனியத்துக்குக்கூட வைத்திருந்தார். அன்று அவர், "ஆமாங்க. சொந்தக் கார்னு எழுதணும்னு ஆசை. தப்புதாங்க" என்றார். எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது, ஆனால் கையெல்லாம் மண்ணெண்ணெய்.

பஸ் ஸ்டாண்டில்

மத்தியானச் சாப்பாட்டில் ரத்தினம்மா ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பிரபாகர் மட்டும் இரண்டு தடவை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அம்மா அடுப்படியில் என் காதில், "இதுவும் போச்சி" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. உயரம் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள்மீது கோபப்படலாம். இதில் யார்மீது கோபப்படுவது? ஒட்டிய பக்கத்தைப் பார்க்காதவள் நான்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே போனோம். திருப்பதி பஸ் கிளம்பத் தயாராக இருந்தது. பிரபாகர் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். ரத்தினம்மா படியில் ஒரு கால் வைத்துவிட்டு, என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"எப்ப திரும்ப மாட்டறீங்க?"

"வெல்டிங் முடிஞ்சி, ரெண்டு வாரம் ஆவும்ங்க."

"எத்தன பேரு தூக்குவாங்க?"

"அதே ஆறு பேருதாங்க."

"பத்தாது. வலது பக்கம் சாஞ்சிகினே இருந்தது. நான் பாத்துகினுதான இருந்தேன்." என் விரல் முட்டியில் கட்டியிருந்த துணியைப் பார்த்தார். "என் பள்ளிக்கூடத்துல கண்ணாடி ஒடஞ்சா நாப்பது பேரும் நாப்பது பக்கம் கை காட்டுவாங்க. தப்பு என்னுதுன்னு இவ்ளோ சீக்கிரமா யாரும் சொல்லி நான் கேட்டதில்ல. ரெண்டு வாரம் கழிச்சி நாங்க வர்றோம்."

ஏறிக்கொண்டார். பஸ் உறுமியது. ஜன்னலில் பிரபாகர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பஸ் நகர ஆரம்பித்துவிட்டது. கூடவே ஓடினேன். "இஷ்டம்தாங்க!" என்று கத்தினேன்.

கண்டக்டர் விசில் ஊதி பஸ்ஸை நிறுத்தினார். நான் டிக்கெட் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டார். "எக்கடிக்கம்மா?" என்றார். எங்கே போகணும் என்று கேட்கிறார். மொத்த பஸ்ஸும் எட்டிப் பார்த்தது. பிரபாகர் அவசரமாகத் தலையாட்டினார், எனக்கா கண்டக்டருக்கா என்று தெரியவில்லை. நைனா தோள் துண்டைச் சரிசெய்கிற சாக்கில் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். அம்மா மட்டும், "இன்னாத்துக்கு இஷ்டம்? இன்னா சொன்னாங்க? யாராவது சொல்லுங்களேன்" என்று கேட்டுக்கொண்டே வீடுவரை வந்தாள்.

இரண்டு வாரம் கழித்து, சொன்னபடி சனிக்கிழமை காலை வந்தார்கள். பிரபாகர் பழைய சட்டையில் வந்திருந்தார். வெல்டிங் செய்த சட்டம் கறுப்புப் பெயிண்டில் பளபளத்தது. இந்தத் தடவை நான் கையேட்டின் எல்லாத் தாளையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்திருந்தேன்.

ஆறு பேரும் காரைச் சுற்றி நின்றார்கள். ரத்தினம்மா கைப்பையை அம்மாவிடம் கொடுத்தார். புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினார். நேராகப் போய், வலது பக்கம் பொன்னையாவுக்கும் ஆசீர்வாதம் மாமாவுக்கும் நடுவில் நின்று, காரின் விளிம்பைப் பிடித்தார்.

ஆசீர்வாதம் மாமாவுக்குச் சங்கடம். கையைத் தூக்கினவர் அப்படியே நிறுத்தி, மரியாதையாகக் கேட்டார். "அம்மா, நீங்க பாட்டுல எந்தக் குரல்ங்க?"

"ஹெட்மிஸ்ட்ரஸ்" என்றார் ரத்தினம்மா. "ம், தூக்குங்க."

அன்று பொன்னையாகூட அரை மாத்திரை முன்னால் தூக்கிவிட்டார்.